புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற வண்டி

எங்கள் பக்கத்து பஸ் கம்பெனி ஒற்றை வண்டியில் தொடங்கியது. திருக்கோவிலூருக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவே முதலாளியே ஓட்டினார். அவர் மச்சான் டிக்கெட் கிழித்தார். நான் பத்தாவது முடித்தபோது வண்டி இரண்டாகியிருந்தது. கண்டக்டர் லைசென்ஸ் எடுத்த வருஷம் மூன்றாவது வண்டி வந்தது, கரியாலூர் மலைக்கு. எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான். துணிந்து போய் முதலாளியிடம் வேலை கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வண்டி மலையேறுது. அதுக்குள்ள சர்ட்டிபிகேட்டோட வந்தா கண்டக்டர் பை உனக்கு. வரலன்னா என் தங்கச்சி மவனுக்கு" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமைதான் இடஒதுக்கீடு கேட்டு மறியல். திருக்கோவிலூரிலிருந்து நான் வந்த கம்பெனி வண்டி ரிஷிவந்தியம் தாண்டியதும் நின்றுவிட்டது. ரோட்டுக்குக் குறுக்கே புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் ஊர். ஊர் மாமா ஒருவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னாடா, உங்களுக்கு வேலை கெடைக்கணும்னுதான் நாங்க வெயில்ல குந்திக்கினு இருக்கோம். நீ எங்க போய்க்கினு இருக்க?"

"வேலைக்குத்தான் மாமா."

மரத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்றுதான் நானும் நினைத்தேன். கூட உட்கார்ந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் மணி ஒன்பதரை.

மரத்துக்கு அந்தப் பக்கம், கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த அதே கம்பெனியின் இன்னொரு வண்டி நின்றது. இரண்டு கண்டக்டர்களும் மரத்துக்குப் பக்கத்திலேயே நின்று பேசி முடித்தார்கள். ஆட்களை மாற்றிக்கொள்வது, இதில் வாங்கிய டிக்கெட் அதிலும் செல்லும், இரண்டு வண்டியும் வந்த வழியே திரும்பிவிடும். மாமா தடுக்கவில்லை. கைக்குழந்தைக்காரி ஒருத்திக்குக் கைகொடுத்து மரத்தைத் தாண்டவும் வைத்தார்.

நானும் தாண்டி ஓடினேன். அந்த வண்டி ஜன்னலைப் பார்த்ததும் என் கை பழக்கதோஷத்தில் முந்திக்கொண்டது. சீட்டுப் பிடிக்கப் பையை உள்ளே எறிந்துவிட்டேன். சர்ட்டிபிகேட், லைசென்ஸ், எல்லாம் அதற்குள்.

அடுத்த நிமிஷம் வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது. அங்கே திருப்ப இடமில்லை. ஏரிக்கரை வரை ரிவர்ஸில் போய்த்தான் திருப்ப வேண்டும். கண்டக்டரோ இன்னும் மரத்துக்குப் பக்கத்தில் டிக்கெட் நம்பர் எழுதிக்கொண்டிருந்தார். நான் வண்டியோடு ஓடினேன். எனக்குப் பின்னால் மூட்டையும் கோழியுமாக மொத்த ஜனமும் ஓடியது, எங்கே விட்டுவிட்டுப் போய்விடுவானோ என்று.

ஏரிக்கரையில் பின்சக்கரம் மதகுப் பக்கம் சரியப் பார்த்தது. ஓடிப்போய் வண்டியின் உடம்பில் ரெண்டு தட்டு தட்டினேன். நின்றது.

டிரைவர் தலையை நீட்டினார். "யார்றா நீ?"

"கண்டக்டருங்க. மலை வண்டிக்கு."

"இன்னும் ஆள் போடலியே."

"பதினோரு மணிக்குப் போடுவாங்க. நீங்க ஒடிச்சு வாங்க, இன்னும் நாலடி இருக்குது."

வரலாம், வரலாம் என்று கத்திக்கத்தி வண்டியைத் திருப்பிவிட்டேன். தொண்டை கட்டிவிட்டது. கண்டக்டரும் வந்து சேர, எல்லோரும் ஏறினோம். என் பை கிடந்த சீட்டில் ஒரு பெரியவர் உட்கார்ந்து, பையை மடியில் பத்திரமாக வைத்திருந்தார்.

கள்ளக்குறிச்சி ஷெட்டுக்குள் நுழைந்தபோது பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம். மலை வண்டி மாலை போட்டு உறுமிக்கொண்டிருந்தது. முதலாளியின் தங்கை மகன் தோளில் ஏற்கெனவே கண்டக்டர் பை தொங்கியது. நான் சர்ட்டிபிகேட்டை நீட்டினேன். குரல் வரவில்லை. என்னை ஏற்றிவந்த டிரைவர்தான் பேசினார்.

"எடுத்துக்கோங்க முதலாளி. மதகுல போவ வேண்டிய வண்டிய இவன்தான் திருப்பிக் குடுத்தான்."

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். அவன் பையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டு, "எனக்கு மலை ஏறுனா வாந்தி வரும்ணே" என்று காதோடு சொன்னான்.

முதல் கொண்டை ஊசி வளைவில் விசில் ஊதினேன். கரியாலூர் வரைக்கும் நான் உட்காரவே இல்லை.