அவள் மடியில் இருந்த வெறுந்தட்டு

கியூபெக்கில், ஜான்-டலோன் சந்தையில் ஒரு சீஸ் கடையில் பதினெட்டு வருடம் வேலை செய்தவன் நான். நத்தார்ப் பண்டிகைக் காலத்தில் நாள் முழுக்கத் தட்டு அடுக்குவேன். நடுவில் சீஸ், சுற்றிவர மெல்லிசாய் வெட்டிய இறைச்சி, ஒலிவ், திராட்சை, ஓரத்தில் பாண் துண்டுகள். எல்லாம் குளிர்ந்த சாப்பாடு. இங்கத்தைய ஆட்கள் அதை மேசை நடுவில் வைத்துவிட்டு, கதைத்துக் கதைத்து ஆளாளுக்கு எடுத்துக் கொறிப்பார்கள். யாரும் யாருடைய தட்டிலும் போடுவதில்லை. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். அதுதான் இன்னும் நெஞ்சை அரிக்கிறது.

மகன் ஒரு கியூபெக் பெண்ணைக் கட்டி, சென்ட் லோரன்டில் வீடு எடுத்து, ஒரு ஞாயிறு மத்தியானம் எங்களை முதல்முறை சாப்பிடக் கூப்பிட்டான். மனைவி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. "வயித்தை நிரப்பிக்கொண்டு போனால் அந்தப் பிள்ளைக்கு மனம் நோகும்" என்றாள்.

மேசையில் இருந்தது நான் அடுக்குகிற அதே தட்டு. மருமகள் சிரித்துக்கொண்டு ஒரு வெறுந்தட்டை மனைவியின் கையில் கொடுத்தாள். இவள் அதை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். எங்கள் ஆட்கள் விருந்துக்குப் போனால் தாங்களாக எடுக்கமாட்டார்கள். வீட்டுக்காரர் போட வேண்டும், இவர்கள் போதுமென்று "காணும், காணும்" சொல்லித் தட்டைக் கையால் மறைக்க வேண்டும், அவர்கள் மேலும் போட வேண்டும். மருமகளின் வழக்கத்திலோ விருந்தாளியை வற்புறுத்துவது மரியாதைக் குறைவு. பழகி வைத்த தமிழில் "சாப்பிடுங்கோ" என்று ஒருதரம் சொன்னாள். "பேந்து சாப்பிடுறன், பிள்ளை" என்றாள் மனைவி. பிறகு சாப்பிடுவாள் என்று அந்தப் பெண் நம்பிவிட்டாள். மகனும் நம்பினான்.

நானோ பக்கத்தில் இருந்து வெளுத்துக் கட்டினேன். எந்த சீஸ் எந்த ஊர் என்று மகனுக்குப் பாடம் வேறு.

காரில் வரும்போது மனைவி கேட்டாள். "இஞ்சேருங்கோ, அந்த மஞ்சள் கட்டி என்ன ருசி?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உனக்குக் கை இல்லையே? எடுத்துத் தின்னுறதுக்கென்ன?"

வீட்டுக்கு வந்து பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டாள். நான் டிவி பார்த்தேன்.

ஆறு மாதம்கூட ஆகவில்லை, மாரடைப்பில் போய்விட்டாள். முப்பத்தோராம் நாள் படையலுக்கு, போனவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைப்பது வழக்கம். "அப்பா, அம்மாக்கு என்ன விருப்பம்?" என்று மகன் கேட்டான். நாற்பது வருடம் எனக்குப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டவள். மீன் தலை அவளுக்குப் பிடிக்குமா, தலைதான் மிஞ்சியதா, எனக்கென்ன தெரியும். என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

சந்தைக்குப் போய் அந்த மஞ்சள் சீஸில் ஒரு நல்ல துண்டு வாங்கி வந்தேன். சோறு கறிகளுக்குப் பக்கத்தில் என் கையால் இலையில் வைத்தேன். சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவளுக்கு நான் பரிமாறியது அன்றுதான் முதல்தரம். காணும் என்று மறைக்க அவள் கை இல்லை. முழுத் துண்டையும் வைத்தேன்.