பாமாயிலில் பார்த்த முகம்

குழந்தைகள் பாதுகாப்புக் களப்பணியில் நாற்காலியில் உட்காரும் நேரத்தைவிட ஜீப்பில் உட்காரும் நேரம் ஜாஸ்தி. நன்றியைவிட வசவு ஜாஸ்தி. ஆபீஸ் வேங்கிக்காலில், பிழைப்பு ஊர் ஊராக. இதே மாதிரி அலையும் வேலையில் மாட்டிக்கொண்ட சக ஜீவன்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

ஒரு போன்

கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை கூப்பிட்டார். நாலாம் வகுப்பு யமுனாவை மூன்று நாளாகப் பள்ளிக்கு அனுப்பவில்லையாம். அப்பா இல்லாத பிள்ளை. அம்மாவோடு தாய்மாமன் ஏழுமலை வீட்டில் இருக்கிறாள். பிறக்கும்போது தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. மாலை சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்று நம் பக்கம் சொல்வது உங்களுக்கும் தெரிந்திருக்கும். மாமனின் போர்வெல் வற்றியது, மாடு செத்தது, கால் உடைந்தது. எல்லாப் பழியும் இவள் தலையில் விழுந்தது.

பிள்ளைக்குள் சூனியம் குடியிருக்கிறது என்று குறி சொல்கிறவன் ஒருவன் சொல்ல, கையில் சூடு வைத்திருக்கிறார்கள். அடுத்தது நாக்கில், அமாவாசையன்று. அமாவாசைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. நாளைக் காலை வருகிறேன் என்றேன். ஆசிரியை விடவில்லை. "இன்னைக்கே வாங்க மேடம். இல்லன்னா நானே போய்த் தூக்கிட்டு வந்துருவேன், அப்புறம் என்மேல கேஸ் வரும்."

ஊசிக்காரர்கள்

இரண்டு போலீஸ்காரர்கள் பைக்கில் பின்தொடர, அன்றே போனோம். ஜீப்பைப் பார்த்ததும், தடுப்பூசி போட வந்துவிட்டார்கள் என்று தெருப்பிள்ளைகள் எல்லாம் வைக்கோல்போருக்குப் பின்னால் ஓடி ஒளிந்தார்கள். வழி கேட்கக்கூட ஆள் இல்லை.

மாட்டுக் கொட்டகை வாசலில் ஒரு சிறுமி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சாப்பாடு, படுக்கை எல்லாம் அவளுக்கு அங்கேதான் என்று பிறகு தெரிந்தது. எங்கள் டிரைவர் பாஷா பாய் வண்டியை நிறுத்தினார். "ஊர்ப் புள்ளைங்க எல்லாம் ஊசிக்கு ஓடுது. ஓடாம உக்காந்திருக்கே, அதுதான் நம்ம புள்ள மேடம்."

ரேஷன் எண்ணெய்

ஏழுமலை எதையும் மறைக்கவில்லை. அப்படிப் பிறந்த பிள்ளையின் முகத்தை மாமன் நேராகப் பார்க்கக் கூடாது. முதலில் எண்ணெயில் தெரியும் நிழலில்தான் பார்க்க வேண்டும். அதையும் செய்தாராம். ஆனால் அன்று வீட்டில் நல்லெண்ணெய் தீர்ந்துபோனதால், ரேஷன் பாமாயிலைக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டார்களாம். கால் எப்படி உடைந்தது என்று கேட்டேன். போன் பேசிக்கொண்டே பைக் ஓட்டிப் பள்ளத்தில் விழுந்தாராம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. யமுனாவின் புறங்கையைப் பார்த்ததும் சிரிப்பு செத்து, அந்த ஆளை அறையக் கை பரபரத்தது. அவர்மேலும் குறிகாரன்மேலும் வழக்கு பதிவானது. அண்ணனை எதிர்த்து அதுவரை வாய் திறக்காத யமுனாவின் அம்மா, மகளோடு ஜீப்பில் ஏறிவிட்டாள். போலீஸ் அழைத்துப் போகும்போதும் ஏழுமலைக்கு ஒரே குறைதான். "நல்லெண்ணெய்ல பார்த்திருந்தா இந்த அளவுக்கு வந்திருக்காதுங்க."

சாட்சி

அம்மாவோடு சேர்த்த காப்பகத்தில் யமுனாவின் கைப்புண் ஆறியது. ஆனால் எந்த ஆம்பளை வந்தாலும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொள்வாள். தன் பார்வை பட்டால் அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம். தான் செத்துவிட்டால் மாமா கால் சரியாகுமா என்று ஒரு நாள் கேட்டாள். நானும் மாலை சுற்றிப் பிறந்தவள்தான் என்றேன். நம்பவில்லை.

வேறு வழியில்லாமல், அனுமதி வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தாய்மாமனையே கொண்டுவந்து நிறுத்தினேன். எழுபது வயது, லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கையைக் காலை ஆட்டிக் காட்டினார். யமுனா விரலிடுக்கில் பார்த்தாள். வாயைத் திறந்தார், முன்பல் இரண்டைக் காணோம். அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். அது புகையிலை செய்த வேலை, மருமகள் செய்ததல்ல என்று மாமா வாக்குமூலம் கொடுத்தார். மெல்லக் கையை இறக்கி, அவரை நேராகப் பார்த்தாள். "தாத்தா, நான் பார்த்துட்டேன். அடுத்த வாரமும் வாங்க, நல்லாத்தான் இருக்கீங்களான்னு பார்க்கணும்."

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் தான் உயிரோடிருப்பதை நிரூபிக்க மாமா வந்துகொண்டிருக்கிறார். என் பதினோரு வருஷ சர்வீஸில் இவ்வளவு ஒழுங்காக ஆஜரான சாட்சியை நான் பார்த்ததில்லை.