ஹிலாரியோ வீட்டுக்குப் போன துக்கச் சாப்பாடு

வெர்னா தீலன் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுப் பல வருடமாகியும், விஸ்கான்சினின் அந்தச் சின்ன ஊரில் பாதிப் பேர் அவளைக் கண்டால் முதுகை நிமிர்த்தி உட்காருவார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டியவள். கண்ணாடியில் அவள் ஒரு பார்வை பார்த்தால் போதும், பின்சீட்டில் மெல்லப்படும் சூயிங்கம் தானாகத் தொண்டைக்குள் இறங்கிவிடும். இப்போது அவள் ஓட்டுவது இரண்டே இரண்டு: பங்குக் கோயில் வேன், தொலைபேசி ஜெபச் சங்கிலி.

சங்கிலிக்குச் சட்டம் உண்டு. மன்றாட்டு வந்ததும் வெர்னா ஒருத்தியைக் கூப்பிடுவாள். அவள் அடுத்தவளைக் கூப்பிடுவாள். கடைசியில் இருக்கும் மார்செல்லா, எல்லாருக்கும் சேர்ந்துவிட்டது என்று வெர்னாவுக்கே திருப்பிச் சொல்ல வேண்டும். சட்டத்தில் இல்லாத ஒன்றும் நடக்கும். வாய் மாறும்போது ஒவ்வொருத்தியும் தன் கவலையில் ஒரு கரண்டி ஊற்றிவிடுவாள்.

அந்தத் தவக்காலத்தில் ஞாயிறுதோறும் பூசையில், புலம்பெயர்ந்தவர்களுக்காக மன்றாடுவோம் என்று பங்குச் சாமியார் சொல்லிக்கொண்டிருந்தார். பெயர் தெரியாதவர்களுக்காக ஜெபித்தால் வெர்னாவுக்கு மனம் ஒட்டாது. அவளுக்குத் தெரிந்த பெயர் ஹிலாரியோ. ஊர்க்கோடிப் பண்ணையில் பால் கறப்பவன்; சொந்த நாட்டில், வெராக்ரூசில், மனைவியை விட்டுவிட்டு வந்தவன். ஸ்பானிஷ் பூசைக்கு அவனை வேனில் கூட்டிப்போவதும் அவள்தான். புதன்கிழமை அவன் மெதுவாகச் சொன்னான்: வெள்ளிக்கிழமை மதியம் சிகாகோ குடியேற்ற நீதிமன்றத்தில் விசாரணை. போகாவிட்டால், ஆள் இல்லாமலே வெளியேற்ற உத்தரவு எழுதிவிடுவார்கள்.

"ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல, தோன்யா வெர்னா." தோன்யா என்றால் அவன் மொழியில் அம்மா என்பதுபோல் ஒரு மரியாதை.

வீட்டுக்குப் போனதும் அவள் தொலைபேசியை எடுத்தாள். "ஹிலாரியோவுக்காக வேண்டிக்கங்க. வெள்ளிக்கிழம கோர்ட்டு. பயத்துல தூங்கறதே இல்லையாம்."

அடுத்தவள், அவன் சாப்பிடுவதும் இல்லை என்றாள். அதற்கடுத்தவள், படுக்கையில் விழுந்துவிட்டான் என்றாள். வியாழக்கிழமை மாலை மார்செல்லா கூப்பிட்டாள்.

"எல்லாருக்கும் சொல்லியாச்சு வெர்னா. பாவம், போய்ச் சேர்ந்துட்டானே. நாளைக்கு அடக்கமாம்."

நேற்றுப் பேசியவன்தான். ஆனாலும் தன் சங்கிலியில் வந்த செய்தியை வெர்னா ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அழுதாள், மூக்கைச் சிந்தினாள், பிறகு அடுப்பை மூட்டினாள். துக்க வீட்டுக்கு அந்த ஊரில் பன்றித்தொடைதான் போகும். தவக்கால வெள்ளி, இறைச்சி தொடாத சுத்தபோசனம் ஆயிற்றே. அதனால் டூனா மீனும் நூடுல்ஸும் சீஸும் போட்டு ஒரு தட்டு வேகவைத்தாள்.

மறுநாள் காலை கறுப்புக் கோட்டு போட்ட பெண்கள், ஆளுக்கொரு டூனாத் தட்டோடு வேனில் போய் இறங்கினார்கள். பண்ணைக்குப் பின்னால் இருந்த டிரெய்லர் வீட்டின் கதவைத் திறந்தவன் ஹிலாரியோ. கையில் இஸ்திரிப்பெட்டி.

மார்செல்லா சிலுவை போட்டுக்கொண்டாள். "ஏம்ப்பா, நீ சாகலையா?"

"இன்னும் இல்லீங்க."

வெர்னா திரும்பி, பழைய பேருந்துப் பார்வையால் மார்செல்லாவைப் பார்த்தாள். "அடக்கம்னு யாருடி சொன்னா?"

"பிழைக்கிறது கஷ்டம்னுதான் எங்கிட்ட சொன்னாங்க. மிச்ச தூரத்த நானே போயிட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள், ஹிலாரியோவைத் தவிர. சட்டை மொடமொடவென்று தயாராக இருந்தது; போக வண்டிதான் இல்லை. கூட்டிப்போவதாகச் சொன்ன நண்பன், நீதிமன்றத்துப் பக்கம் தலைகாட்டினால் தன்னையும் பிடித்துவிடுவார்களோ என்று பயந்து விடிகாலையில் கைவிரித்துவிட்டான்.

வெர்னா கடிகாரத்தைப் பார்த்தாள். "சட்டையப் போடு. முன்சீட்டுல உக்காரு. பெல்ட்ட மாட்டு."

வேனிலேயே வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை ஜெபம் ஆரம்பமானது. ஜெபத்தின் முதல் ஸ்தலம் வந்ததும், கோயிலில் செய்கிற பழக்கதோஷத்தில் மார்செல்லா முட்டி போட எழுந்தாள்.

"என் வண்டியில ஆண்டவரே வந்தாலும் உக்காந்துதான் வரணும்," என்றாள் வெர்னா, லாரியை முந்திக்கொண்டே.

ஹிலாரியோ கைப்பிடியை இறுகப் பற்றினான். "இப்ப எனக்குக் கோர்ட்டு பயம் போயிருச்சுங்க. இதான் பயமா இருக்கு."

நீதிமன்றத்தில் பின்வரிசை முழுக்கக் கறுப்புக் கோட்டு. நீதிபதி அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இவங்கல்லாம் யாரு?"

"என் சாவுக்கு வந்தவங்க, மேடம்."

மொழிபெயர்ப்பாளர் அதை இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டுதான் ஆங்கிலத்தில் சொன்னார். ஹிலாரியோ நடந்ததை விளக்க விளக்க, நீதிபதி குனிந்து எதையோ தேடுவதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டார். நிமிர்ந்தபோது குரலில் சிரிப்பில்லை. வக்கீல் இல்லாமல் வழக்கை நடத்த முடியாது, ஒருவரைப் பிடித்துக்கொண்டு அடுத்த வசந்தத்தில் வாருங்கள் என்றார். ஜெயித்ததும் இல்லை, தோற்றதும் இல்லை. ஆனால் அதுவரை அவனை யாரும் அனுப்பப்போவதில்லை.

பண்ணைக்குத் திரும்பும்போது மாலைக் கறவை நேரம் தாண்டிவிட்டது. மடி கனத்த மாடுகள் கத்துவது ரோட்டிலேயே கேட்டது. ஹிலாரியோ நல்ல சட்டையோடு ஓடினான். ஓடும்போதே வெராக்ரூசிலிருந்து மனைவியின் அழைப்பு வந்தது. கொட்டகை வாசலில் நின்று, "அடுத்த வருஷம் வரைக்கும் இருக்கலாமாம்," என்றான்.

வெர்னா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். மற்றவர்களும் மாட்டினார்கள். எல்லாரும் மாட்டுக்கொட்டகையில் வளர்ந்தவர்கள்தான்.

"நீ நிதானமாப் பேசு," என்று வெர்னா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "இந்தக் கறுப்பு மாடு உதைக்குமா?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நல்லா உதைக்கும்."

"சரி, அது மார்செல்லாவுக்கு."