நெல்லுக்கும் அழுத ஜீப்

முத்துவடிவின் கைப்பையில் எப்போதும் ஒரு மரக்குழல் இருக்கும். ஒரு முனையைக் கர்ப்பிணியின் வயிற்றில் வைத்து மறுமுனையில் காதை வைத்தால், உள்ளே குழந்தையின் இதயம் துடிப்பது கேட்கும். எத்தனை முறை கேட்டாலும் அந்தக் கணத்தில் அவர் மூச்சை அடக்கிக்கொள்வார். இளம் வயதில் கணவனை இழந்தவர். வெள்ளைச் சேலையோடு மூலையில் உட்காரச் சொன்ன உறவினரை உதறிவிட்டு மருத்துவச்சிப் படிப்பு படித்தார். மேலகரம் வட்டாரத்துக்கு வேலைக்கு வந்தார்.

சாரல் காலத்தில் குற்றாலத்து மலையடிச் சேரிகளுக்குப் போகும் பாதையில் மாட்டுவண்டி அச்சுவரை புதையும். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறுவருடம் பண்ணையார் ஆவுடையப்பன், பட்டாளத்தார் கழித்துவிட்ட ஜீப் ஒன்றை ஏலத்தில் வாங்கினார். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி. பிரசவம் சிக்கலானால் தென்காசி ஆஸ்பத்திரிக்கு அதை அனுப்பவேண்டும் என்று போராடிச் சம்மதம் வாங்கியிருந்தார் முத்துவடிவு.

ஒருநாள் அந்த ஜீப் அழத் தொடங்கியது. சேரிப் பெண்களை ஏற்றினால் மட்டும் அடியிலிருந்து நீண்ட ஓலம், ஒப்பாரி போல. பண்ணையார் போகும்போது சத்தமே இல்லை. டிரைவர் முகம்மது மீரான் தனியாக ஓட்டிப் பார்த்தார். எல்லாத் திருகாணிகளையும் முடுக்கினார். ஒன்றும் பிடிபடவில்லை.

“வண்டிக்கே தீட்டு பொறுக்கல. இனி அவளுவள ஏத்தக்கூடாது” என்றார் பண்ணையார். ஊரும் நம்பியது. தன் அழுக்கை இரும்பின் மேலும் பூசாமல் மனிதனுக்குத் தூக்கம் வராது போலும்!

சேரியில் முப்பிடாதியம்மாளுக்கு நாள் நெருங்கியிருந்தது. குழந்தை குறுக்கே கிடந்தது. வலி எடுத்ததும் ஜீப் வராவிட்டால் இரண்டு உயிரும் போய்விடும். முத்துவடிவு மீரானிடம் போனார்.

“மொதலாளி எங்கன உக்காருவாரு?”

“முன்னால, எம் பக்கத்துல.”

“பின்னால?”

“சேரியாளு உக்காந்த பலகையில வேற யாரும்மா உக்காருவா? ஒங்களத் தவிர.”

முத்துவடிவு பின்பலகையை இரு கையாலும் அழுத்திப் பார்த்தார். பிறகு பண்ணையாரின் களத்திலிருந்து இரண்டு நெல்மூட்டைகளைப் பின்னால் ஏற்றச் சொன்னார். வண்டி நகர்ந்ததும் ஓலம் எழுந்தது.

“அண்ணாச்சி, ஒங்க நெல்லும் அழுவுதே!” என்று பண்ணையாரைக் கூப்பிட்டார் முத்துவடிவு.

பண்ணையார் வாசலுக்கு வந்தார். “அறுத்தது அவளுவதானே?”

“அதச் சோறாக்கித் திங்கும்போது தீட்டு எங்கன போகுது?”

மீரான் சிரிப்பை மறைக்க இருமினார்.

“மூட்டைய இறக்கியாச்சு. நீங்க பின்னால ஏறுங்க. அழலேன்னா, இனிமே நான் வண்டியே கேக்கல.”

இந்தப் பந்தயத்தில் தோற்க மாட்டோம் என்று பண்ணையார் துணிந்து பின்னால் ஏறினார். உடம்பு மூட்டைக்குக் குறைந்ததல்ல. எதிரே முத்துவடிவு. வண்டி உருண்டது. பண்ணையாரின் காலடியிலிருந்தே ஒப்பாரி கிளம்பியது. அவர் முகம் வெளுத்துப்போயிற்று.

முத்துவடிவு மண்டியிட்டு மரக்குழலை வண்டித் தரையில் ஊன்றிக் காதை வைத்தார். வயிற்றில் நகர்த்துவது போலவே குழலை மெல்ல நகர்த்தினார். ஓரிடத்தில் ஓலம் காதையே அறைந்தது.

“இங்கன! நிறுத்துங்க!”

மீரான் அடியில் புகுந்து, கம்பியில் தொங்கிய ஒரு செம்புத் தாயத்தை அறுத்துக்கொண்டு வந்தார். பின்னால் பாரம் ஏறினால் வண்டி தாழும். தாழ்ந்தால், கீழே சுழலும் தண்டு அதில் உரசும். தேய்ந்த பக்கம் கண்ணாடியாய் மின்னியது.

“யாரு கட்டுனது?”

“கண்ணேறு படாம இருக்க...” பண்ணையார் முணுமுணுத்தார். “யாரு கண்ணுலயும் படாம கட்டணும்னு மந்திரவாதி சொன்னான்.”

முத்துவடிவு அதை உள்ளங்கையில் வாங்கினார். இன்னும் சுட்டது. பண்ணையார் ஏறினாலும் பறையர் ஏறினாலும் வெள்ளைக்காரத் துரையே ஏறினாலும் அந்த இரும்பு ஒரே அளவுதான் தாழும். செம்பு ஒரே குரலில்தான் கத்தும். எவருக்காகவும் வளையாத அந்த ஒழுங்கின் முன்னால் அவர் தன்னையறியாமல் தலை வணங்கினார்.

பண்ணையார் தாயத்தை எறியவில்லை. தன் புயத்தில் கட்டிக்கொண்டார். ஆனால் முப்பிடாதியம்மாளுக்கு வலி எடுத்தபோது ஜீப்பைத் தடுக்க அவரிடம் காரணம் இல்லை.

சாரல் தூற, நான்கு சக்கரங்களும் சேற்றைப் பிளந்து ஏறின. பின்னால் அவளும் அவள் தாயும் முத்துவடிவும். எஞ்சின் உறுமலைத் தவிர வேறு சத்தமில்லை. மேட்டில் மீரான் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். முத்துவடிவு குழலை அவள் வயிற்றில் வைத்துக் குனிந்து, மூச்சை அடக்கினார்.

“கேக்குதா, நர்ஸம்மா?” என்றார் மீரான்.

“கேக்குது. எடுங்க வண்டிய!”