ஊர்க்காவலன் தரிசில் இறங்கிய பருந்துகள்

இருபத்திரண்டு வருடம் பட்டாசுக் கம்பெனிகளில் திரி செருகிவிட்டுத்தான் வீரலட்சுமி ஊராட்சித் தலைவர் நாற்காலிக்கு வந்தார். அதனால், நிலக்காரர் ஊர்க்காவலன், தன் பதினோரு ஏக்கர் தரிசை விற்று அங்கே புதுப் பட்டாசுக் கம்பெனி வர ஊராட்சியின் சம்மதம் கேட்டு மனுக் கொடுத்தபோது அவர் பெரிதாக யோசிக்கவில்லை. விடியுமுன் அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனி வேனுக்கு ஓடும் நாற்பது பெண்களுக்கு உள்ளூரிலேயே வேலை. வேறென்ன வேண்டும்?

அந்தத் தரிசில் ஆடு மேய்க்கும் முத்துமாரியம்மாள்தான் தடுத்தாள். “கையெழுத்துப் போடுறதுக்கு முந்தி ஒரு நா சாயங்காலம் அங்கன வந்து நில்லுங்க தலைவரம்மா.”

“எதுக்கு?”

“சொன்னா நம்ப மாட்டீக.”

பொங்கல் கழிந்த வாரம் வீரலட்சுமி போனார். முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல், கரிசல் வெடிப்பு, அவ்வளவுதான் தெரிந்தது. சூரியன் இறங்கும் நேரத்தில் வடக்கேயிருந்து ஒரு பருந்து வந்தது. பின்னால் மூன்று. பிறகு எண்ண முடியவில்லை. சாம்பல் நிறத்தில் சில, தவிட்டு நிறத்தில் பல, புல்லை உரசுவதுபோலத் தாழப் பறந்து, வட்டமிட்டு, இரவு தங்க ஒவ்வொன்றாகப் புல்லுக்குள் இறங்கி மறைந்தன. இத்தனை இறக்கைக்கும் ஒரு சத்தமில்லை. வானத்தில் போய் வெடிக்கிற சரக்கையே காலமெல்லாம் செய்த கைகள் அவருக்கு. அந்தக் கைகளில் மயிர் சிலிர்த்து நின்றது.

“கடல் தாண்டி வருதுகளாம்,” என்று பின்னால் குரல் கேட்டது. ஊர்க்காவலன் பைக்கை வரப்போரம் நிறுத்திவிட்டு வந்திருந்தார். “நான் சின்னப் பிள்ளையிலருந்து பாக்கேன்.”

“பாத்துமா விக்கீக?”

“மழை இல்ல, வெள்ளாமை இல்ல. பருந்துக்குக் காவலா இருந்தா என் குடும்பத்த யாரு பாப்பா?”



குடியரசு தினத்துக் கிராம சபையில் பள்ளிக்கூட வளாகம் நிறைந்திருந்தது. வேன் பெண்கள் கம்பெனி வேண்டும் என்றார்கள். மேய்ச்சல்காரர்கள் கூடாது என்றார்கள். ஊர்க்காவலன் எழுந்தார். “எங்க அய்யா காலத்துப் பட்டா. என் நெலத்துல நான் என்ன செய்யணும்னு நீங்க கையத் தூக்கி முடிவு பண்ணுவீகளோ?”

வீரலட்சுமியின் அம்மா ஊர்க்காவலன் வீட்டுப் புஞ்சையில் களை எடுத்தவள். மகளும் அவரை முதலாளி என்றே கூப்பிட்டு வளர்ந்தவள். “நெலம் ஒங்களுதுதான் அண்ணாச்சி,” என்றார் இப்போது. “யாரும் பிடுங்கல. ஆனா கம்பெனிக்குச் சம்மதம் குடுக்கது ஊரு. கம்பெனி தெக்க இருக்க கல்லுக்காட்டுல வரட்டும்னு நான் சொல்லுதேன். வேலையும் இருக்கும், பருந்துகளும் இருக்கும்.”

நான்கு கைகள் வித்தியாசத்தில் சம்மதம் மறுக்கப்பட்டது. ஊர்க்காவலன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர், மறுவாரமே மேல்முறையீடு செய்தார்.

விசாரணை விருதுநகர் கலெக்டர் ஆபீசில். இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போனார்கள், முன் சீட்டிலும் பின் சீட்டிலுமாக. அதிகாரியம்மா கோப்பைப் புரட்டிவிட்டு வீரலட்சுமியைக் கேட்டார்: “நிறையப் பறவைகள்னு எழுதியிருக்கீங்க. எத்தனை?”

வீரலட்சுமி தீர்மான நகலைப் புரட்டினார். அதில் எண்ணிக்கை இல்லை.

“எரநூத்திப் பதினாலு,” என்றார் ஊர்க்காவலன். “இந்த வருசம். போன வருசம் எரநூத்தி நாப்பது. அதுக்கு முந்தின வருசமும் சொல்லவா?”

அதிகாரியம்மா நிமிர்ந்து பார்த்தார். “மனுதாரர் நீங்கதானே?”

“நாந்தான். அதுக்காகக் கணக்க மாத்திச் சொல்ல முடியுமா?”

ஊராட்சியின் தீர்மானமே நின்றது. கம்பெனி கல்லுக்காட்டில் இடம் வாங்கியது, பெண்களில் பாதிப்பேருக்கு வேலை கிடைத்தது. ஊர்க்காவலன் இன்றுவரை வீரலட்சுமி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஆனால் அன்று அந்த அறையில், தான் தோற்கத் தானே எண்ணிக்கை சொன்ன மனுஷனை, வீரலட்சுமி கும்பிடத் தோன்றுவதுபோலப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.