சாவியக்கா கலைத்த கோட்டை

விடுதியில் அவளைச் சாவியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லா அறைக்கும் பொருந்துகிற சாவி அவள் இடுப்பில் தொங்கும். கூட்டித் துடைத்து விரிப்பு மாற்றுகிற வேலை. சாவி இருக்கிறதே என்று சட்டென்று நுழைய மாட்டாள். தட்டுவாள், காத்திருப்பாள், மறுபடி தட்டுவாள். ஆனால் பெற்ற பிள்ளையின் அறைக்கு எந்தத் தாய் அனுமதி கேட்பாள்?

பிள்ளையோ வேலைக்குப் போகிற ஆம்பிளை. "இன்னொரு தடவை என் ரூம்ல கை வெச்சேன்னா நான் தனியா வீடு பாத்துட்டுப் போயிடுவேம்மா" என்று போன வாரம்தான் சொல்லியிருந்தான். சொன்னால் செய்கிறவன்.

இருந்தும் பழகிய கை சும்மா இருக்குமா? அவன் கிளம்பியதும் குப்பையை மட்டும் எடுக்கலாம் என்று நுழைந்தாள். மேசை முழுக்கத் தடித்த சதுர அட்டைகள் இறைந்து கிடந்தன. ஒன்றில் கல்தரை, ஒன்றில் படிக்கட்டு, ஒன்றில் கதவு. தூசி தட்டி அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு முடித்தபோது போன் அடித்தது.

"அம்மா, என் ரூம் கதவைச் சாத்தினேனான்னு தெரியல. பூனை போயிடாம பாத்துக்க. மேசைமேல கோட்டை இருக்கு. சாயங்காலம் ஃப்ரெண்ட்ஸ் விளையாட வர்றாங்க. கலைஞ்சா அவ்வளவுதான்."

கோட்டையா? அவள் கையில் இருந்தது ஓர் அட்டைக்கட்டு.

எது எங்கே இருந்தது? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. திருப்பினால் பின்பக்கம் வேறு படம். கடைசியில் தனக்குத் தெரிந்த விடுதி மாதிரி வைத்தாள்: நடுவில் நீளமான நடை, இரண்டு பக்கமும் அறைகள், கோடியில் படிக்கட்டு. ஓர் அறை மிஞ்சியது. அதைப் படிக்கட்டின் பக்கத்தில் ஒட்டவைத்தாள்.

சாயங்காலம் நண்பர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவன் வீரனாம், ஒருத்தி திருடியாம். பகடை உருட்டி அட்டைமேல் பொம்மைகளை நகர்த்துவார்களாம். எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ளே இருப்பதை மகன்தான் கதையாகச் சொல்வானாம். அவன் மேசையைப் பார்த்தான். வாசற்படியில் டீத்தட்டோடு நின்ற அவளையும் பார்த்தான்.

"போன வாரம் இங்க குளம் இருந்துச்சே?" என்றாள் திருடி.

"கோட்டை உருமாறிடுச்சு. இது மந்திரவாதி வேலை" என்றான் மகன்.

இது கோபமா கிண்டலா? அவளுக்கு விளங்கவில்லை. பொம்மைகள் நடையெல்லாம் தாண்டி மிஞ்சிய அறைக்கு வந்து நின்றன.

"இதுக்குள்ள யாரு?" என்றான் வீரன்.

"வெச்சவங்கதான் சொல்லணும். சொல்லும்மா, உள்ள யாரு?"

எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"எனக்கெப்படிப்பா தெரியும்? தட்டிப் பாருங்க. ஆள் இருந்தா குரல் குடுப்பாங்க. சொல்லாம கொள்ளாம நுழையலாமா?"

நண்பர்கள் சிரித்தார்கள். மகன் சிரிக்கவில்லை. சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

மறுநாள் காலை டீயோடு அவன் அறைக்குப் போனாள். கைப்பிடிவரை போன கை திரும்பி வந்தது. மெதுவாகத் தட்டினாள்.

உள்ளேயிருந்து குழம்பிப்போன குரலில், "யாரு?" என்று கேட்டான்.

அந்த வீட்டில் இருந்ததே அவர்கள் இரண்டு பேர்தான்.