கிராம சபை இல்லாத ஊரில் ஒரு கிராம சபை

கல்லூரியில் நான் நடத்தும் பாடம் உலக நாடுகளின் உள்ளாட்சி. கம்யூனிச ஆட்சி விழுந்த பிறகு கிழக்கு ஐரோப்பாவில் எந்தெந்த ஊர்களைச் சேர்த்தார்கள், எவற்றைப் பிரித்தார்கள் என்பதுதான் என் ஆய்வு. வீட்டில் யாருக்கும் அது புரிந்ததில்லை. கந்தர்வக்கோட்டை சாலையில் இருக்கும் எங்கள் ஊராட்சியைப் பக்கத்து நகரத்தோடு இணைக்கப்போகிறார்கள் என்ற செய்தி வரும்வரை புரிந்துகொள்ள அவசியமும் இருக்கவில்லை.

செய்தி கேட்டதும் பதறிப்போனவர் என் மதினி. அண்ணன் இறந்த பிறகு, முந்திரி சீசன் போக மற்ற மாதங்களில் அவர் வீட்டு அடுப்பு எரிவது நூறு நாள் வேலையால்தான். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துவாரியை வெட்டுவார், கரையில் முள் அள்ளுவார். ஊராட்சி இருந்தால்தான் அந்த வேலை. நகரத்தோடு சேர்ந்துவிட்டால் அதற்கு முழுக்கு.

கிராம சபைக்கு முன்தினம் ஒன்றிய அதிகாரி ஒருவர் வீட்டுக்கே வந்தார். காப்பியைக் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

“மேடம், வெளிநாட்டுல சின்ன ஊரையெல்லாம் சேத்துப் பெரிசாக்கிட்டாங்கல்ல? அத நீங்க சபையில சொன்னா எடுபடுங்க.”

சொல்கிறேன் என்றேன். மறுநாள் சபையில் சொல்லவும் செய்தேன், முழுக்க. எஸ்தோனியாவில் சட்டம் போட்டுச் சேர்த்தார்கள். எதிர்த்த ஊர்கள் நீதிமன்றம் போயின. செக் நாட்டில் நேர்மாறு. பழைய ஆட்சி கேட்காமல் கொள்ளாமல் இணைத்த கிராமங்கள், அது போனதும் வரிசையாகப் பிரிந்து வந்தன. ஒரு தெரு அளவுகூட இல்லாத ஊர்கள் தனி மன்றம் வைத்துக்கொண்டு, கட்டுப்படியாகாத செலவை அக்கம்பக்கத்து ஊர்களோடு பங்கு போட்டுக்கொண்டன. அதிகாரியின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

மதினி எழுந்தார். “அந்த ஊருக் கதை இருக்கட்டும். எங்க வேலை என்னாகுங்க?”

“நகரத்துல வேற திட்டம் வரும்மா” என்றார் அதிகாரி.

“எப்பங்க?”

“வரும்.”

இணைப்பு வேண்டாம் என்று சபை ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. இணைப்பு ஆணை அதன்பாட்டுக்கு வந்தது. வேலை நின்றது, வீட்டு வரி ஏறியது. கல்லூரியில் ஒரு சக ஆசிரியர், “ஊராட்சியே இல்லாத ஊர்க்காரங்க உள்ளாட்சிப் பாடம் எடுக்கிறாங்க” என்று கிண்டலடித்தார். நானும் சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் கோபம் குமுறியது, இன்னும் அடங்கவில்லை. ஆய்வுக்காக நான் போட்ட அட்டவணைகளில் வாக்குப்பதிவு இருந்தது, நிர்வாகச் செலவு இருந்தது, மதினியின் கூலிக்கு ஒரு கட்டம் இல்லை. எந்த நாட்டோடு ஒப்பிட்டு அவருக்கு நான் ஆறுதல் சொல்வது?

அடுத்த சுதந்திர தினத்தன்று எங்களுக்குக் கிராம சபை கிடையாது. ஆனாலும் கூட்டுவதென்று நாங்கள் சிலர் முடிவெடுத்தோம். செக் கிராமங்கள் அத்தனை வருடம் கழித்தும் பிரிந்து வந்தன என்றால், நடுவில் யாரோ விடாமல் கூடிப் பேசிக்கொண்டிருந்திருக்க வேண்டும். இதற்கு என்னிடம் அடிக்குறிப்பு இல்லை. ஆனால் நம்புகிறேன்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். வேலை போன பெண்கள்தான் அதிகம். கொடியேற்றி முடிந்த கொஞ்ச நேரத்தில் நகர அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து இறங்கினார்.

“இது இப்ப வார்டுங்க. இங்க கிராம சபை நடத்த முடியாது. நீங்க என்ன தீர்மானம் போட்டாலும் செல்லாது.”

எனக்குச் சட்டம் தெரியும். அவர் சொன்னது சரி. கூட்டத்தில் ஒன்றிரண்டு பேர் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார்கள்.

மதினி எழவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே அதிகாரியை நிமிர்ந்து பார்த்தார்.

“செல்லாத கூட்டத்தைத் தடுக்க எதுக்குங்க ஜீப்புல வந்தீங்க?”

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். முதல் தீர்மானமாக, எங்களுக்கு வேலை வேண்டும் என்று எழுதினோம்.